வெளி மாநில செகண்ட் ஹேண்ட் வண்டிய தமிழ்நாட்டு நம்பருக்கு மாத்துறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூர்ல, டெல்லியில, பாண்டியில கார் சல்லிசா கிடைக்குதுன்னு வாங்கிட்டு வந்துடுறாங்க, அப்புறம் ஆர்சி பேர் மாத்துறதுல வந்து நிக்கிறாங்க. சொந்தக்காரங்க, ஆபீஸ் ஆளுங்க, பக்கத்து வீட்டுக்காரங்கன்னு எல்லாரும் கேக்குறது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான், அதான் எல்லாத்தையும் அவங்க கேட்ட வார்த்தையிலேயே ஒரே இடத்துல எழுதி வச்சிருக்கேன். சொந்த உபயோகத்துக்கான கார், பைக் பத்தி மட்டும்தான் பேசுறேன், லாரி, பஸ் விஷயம் தனி. முன்னாடியே ஒண்ணு சொல்லிடுறேன், வண்டி கண்டிஷனை மட்டும் பார்த்து அட்வான்ஸ் குடுக்காதீங்க, பேப்பரைப் பார்த்துட்டு குடுங்க.

1. வெளி ஸ்டேட் நம்பர் வண்டிய தமிழ்நாட்டுல ஓட்டினா போலீஸ் புடிப்பாங்களா?

நம்பரைப் பார்த்து மட்டும் புடிக்க முடியாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 46-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, இந்தியாவுல ஒரு மாநிலத்துல பதிவான வண்டி நாடு பூரா செல்லும். ஆனா அந்த வண்டிய இன்னொரு மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தா அங்கத்த நம்பர் வாங்கியே ஆகணும்னு 47-வது பிரிவு சொல்லுது. டூர் வந்தவருக்கும் வேலை மாறி வந்தவருக்கும்தான் அந்த 12 மாசம்.

2. அப்போ நான் கர்நாடகா வண்டிய வாங்கிட்டு ஒரு வருஷம் கேஏ நம்பர்லயே ஓட்டலாம்ல?

முடியாது, எல்லாரும் குழம்புற இடமே இதுதான். அந்த 12 மாசம் வண்டியோட ஓனர் அதே ஆளா இருந்து, ஊர் மட்டும் மாறினா. நீங்க வாங்கிட்டீங்கன்னா ஓனரே மாறிட்டாரு, அதுக்கு 50-வது பிரிவு. வித்தவர் வெளி மாநிலமா இருந்தா 45 நாளைக்குள்ள தன் பக்கத்து வேலைய முடிக்கணும், வாங்கினவர் 30 நாளைக்குள்ள தான் குடியிருக்கிற ஊரு ஆர்டிஓ ஆபீஸ்ல சொல்லணும். சட்டத்துல இருக்கிறது இவ்ளோதான்.

நடைமுறையில என்ஓசி (பழைய ஆர்டிஓ ஆபீஸ் குடுக்குற தடையில்லாச் சான்று) வர்றதுக்கே அதுக்கு மேல ஆகிடுது, அது உண்மைதான், ஆனா அப்ளிகேஷன் போட்ட ரசீது கையில இருக்கிறது வேற, எதுவுமே செய்யாம பழைய ஓனர் பேர்லயே ஓட்டுறது வேற. நடுவுல ஒரு ஆக்சிடென்ட் ஆச்சுன்னா என்ன ஆகும்னு 14, 17-வது கேள்விகள்ல பாருங்க.

3. மொத்தமா என்னென்ன செய்யணும், வரிசையா சொல்லுங்களேன்

முதல்ல பழைய ஆர்டிஓ ஆபீஸ்ல இருந்து என்ஓசி, அதுக்கு ஃபார்ம் 28. அதே சமயத்துல விக்கிறவர் ஃபார்ம் 29-லயும் (வித்துட்டேன்னு சொல்றது) நீங்க ஃபார்ம் 30-லயும் (பேர் மாத்தச் சொல்லி கேக்குறது) கையெழுத்துப் போட்டு வச்சுக்கணும். என்ஓசி கைக்கு வந்ததும் இங்க உங்க ஏரியா ஆர்டிஓ-வுக்கு பரிவாகன் தளம் (அரசாங்கத்தோட போக்குவரத்து வெப்சைட்) வழியா ஃபார்ம் 27 போட்டு புது நம்பர், பேர் மாத்துறது ரெண்டையும் சேர்த்தே அப்ளை பண்ணலாம், அப்புறம் லைஃப் டாக்ஸ் கட்டி, வண்டிய இன்ஸ்பெக்‌ஷனுக்கு கொண்டு போய் காட்டணும். கூட வைக்க வேண்டியது ஒரிஜினல் ஆர்சி, நடப்பு இன்சூரன்ஸ், புகை சர்டிபிகேட், உங்க ஆதார், பான் (பான் இல்லன்னா ஃபார்ம் 60), வண்டி புதுசா வாங்கினப்போ குடுத்த இன்வாய்ஸ். வாடகை வீடுன்னா அக்ரிமென்ட் எதுக்கும் ஒரு காப்பி வச்சுக்கோங்க.

கட்டணம் பெருசா பயமுறுத்தாது, காருக்கு பதிவுக் கட்டணம் 600 ரூபா, பைக்குக்கு 300, பேர் மாத்த அதுல பாதி, அது மேல சர்வீஸ் சார்ஜ், கார்டு காசுன்னு கொஞ்சம். செலவு டாக்ஸ்லதான், அது 6-வது கேள்வி.

4. என்ஓசி யார் எடுக்கணும்? விக்கிறவரு "நீங்களே பாத்துக்கோங்க"ன்னு சொல்றாரு

ஆர்சி-ல யார் பேர் இருக்கோ அவர்தான். ஆன்லைன்ல போட்டா ஓடிபி அவர் நம்பருக்குத்தான் போகும், அதனால அவர் ஒத்துழைக்காம ஒரு அடி நகராது. பழைய வண்டின்னா ஆர்சி-ல இருக்கிற மொபைல் நம்பரே செத்துப் போன நம்பரா இருக்கும், முதல்ல அதை அப்டேட் பண்ணச் சொல்லுங்க.

என்ஓசி குடுக்குறதுக்கு முன்னாடி அந்த ஆபீஸ்ல ரெண்டு விஷயம் பாக்கணும்னு 48-வது பிரிவுலயே இருக்கு: வண்டி திருட்டு கேஸ்ல இல்லன்னு போலீஸ் ரிப்போர்ட், அரசாங்கத்துக்கு டாக்ஸ் பாக்கி இல்லன்றது. சலான் பாக்கி இருந்தாலும் அங்கேயே நிறுத்திடுவாங்க, சிக்னல் தாண்டின சலான் அஞ்சாறு சேர்ந்திருந்தா கூட. அப்ளை பண்ணி 30 நாளைக்குள்ள மறுத்து பதில் வரலைன்னா குடுத்த மாதிரியே கணக்குன்னு சட்டம் சொல்லுது, ஆனா அதை மட்டும் நம்பி இங்க வந்து நின்னா வேலை ஆகாது, வாகன் தளத்துல (ஆர்டிஓ ஆபீஸ்களோட ஆன்லைன் பதிவேடு) என்ஓசி ஏறியிருக்கணும்.

முக்கியமா, என்ஓசி-ல எந்த ஆர்டிஓ-வுக்குப் போகுதுன்னு எழுதியிருக்கும். நீங்க இருக்கிறது கே.கே. நகர் டிஎன் 09 எல்லையில, என்ஓசி எடுத்தது திருவான்மியூர் டிஎன் 07-க்குன்னா திரும்பவும் முதல்ல இருந்து. அப்ளை பண்றதுக்கு முன்னாடி உங்க ஆதார் அட்ரஸ் எந்த ஆபீஸ்ல வருதுன்னு பார்த்து விக்கிறவருக்கு அனுப்பிடுங்க.

5. என்ஓசி இல்லாம வண்டி விக்கிறாங்க, ரேட் 60 ஆயிரம் கம்மி. எடுக்கலாமா?

எடுக்காதீங்க. என்ஓசி ஏன் வரலைன்றதுக்கு எப்பவும் ஒரு காரணம் இருக்கும், லோன் முடியாம இருக்கும், கேஸ் இருக்கும், ஓனரே ஆள் கிடைக்காம இருப்பாரு. அந்த காரணம் காசு குடுத்த நிமிஷத்துல இருந்து உங்க பிரச்சனை. அந்த 60 ஆயிரம் தள்ளுபடியே அதுக்குத்தான் குடுக்குறாங்க.

6. ஏற்கனவே லைஃப் டாக்ஸ் கட்டின வண்டிதானே, இங்க ஏன் திரும்ப கட்டணும்? எவ்வளவு வரும்?

சாலை வரி மாநில அரசோட வரி. கர்நாடகாவுல கட்டினது கர்நாடகாவுக்குப் போச்சு, வண்டி இங்க நிரந்தரமா ஓடப் போகுதுன்னா தமிழ்நாட்டுக்குக் கட்டணும்.

2023 நவம்பர்ல தமிழ்நாட்டுல ரேட்ட ஏத்துனாங்க. புது காருக்கு 5 லட்சம் வரைக்கும் 12 சதவீதம், 5-ல இருந்து 10 லட்சம் வரைக்கும் 13, 10-ல இருந்து 20 வரைக்கும் 18, 20 லட்சத்துக்கு மேல 20 சதவீதம். பைக்குக்கு ஒரு லட்சம் வரைக்கும் 10, அதுக்கு மேல 12. வெளி மாநிலத்துல இருந்து வர்ற பழைய வண்டிக்கு வயசு ஏற ஏற இந்த சதவீதம் குறையும்.

இதுல நிறைய பேரு அடிவாங்குற இடம் என்னன்னா, சதவீதம் போடுறது நீங்க குடுத்த செகண்ட் ஹேண்ட் விலைக்கு இல்ல, வண்டி புதுசா இருந்தப்போ இருந்த விலைக்கு. 22 லட்சத்துக்கு வித்த எஸ்யூவிய நீங்க 9 லட்சத்துக்கு வாங்கியிருந்தாலும் கணக்கு அந்த 22-ல இருந்துதான் ஆரம்பிக்கும். அதுக்குத்தான் பழைய இன்வாய்ஸ் கேக்குறாங்க. அதனால பெரிய வண்டிய வெளி ஸ்டேட்ல இருந்து எடுக்குறவங்க, ஆர்சி காப்பியும் இன்வாய்ஸ் காப்பியும் எடுத்துட்டு ஆர்டிஓ ஆபீஸுக்குப் போய் டாக்ஸ் எவ்வளவு வரும்னு கேட்டுட்டு, அதை வண்டி விலையோட கூட்டிப் பார்த்துட்டு அப்புறம் பேரம் பேசுங்க. சின்ன காருக்கு நிறைய தடவை அந்த கூட்டல்லயே லாபம் போயிடும், இங்கேயே கிடைக்கிற டிஎன் வண்டி பரவால்லன்னு தோணும்.

7. பழைய ஸ்டேட்ல கட்டின டாக்ஸ் திரும்ப வருமா?

கர்நாடகா, மகாராஷ்டிரா மாதிரி மாநிலங்கள்ல வண்டி நிரந்தரமா வெளிய போயிட்டா மிச்ச காலத்துக்கு உண்டானத திரும்பக் குடுக்குற ஏற்பாடு இருக்கு. புது டிஎன் ஆர்சி வந்த பிறகு அதோட காப்பி, இங்க டாக்ஸ் கட்டின ரசீது, பழைய டாக்ஸ் ரசீது எல்லாத்தையும் வச்சு பழைய ஆர்டிஓ ஆபீஸ்ல அப்ளை பண்ணணும். வண்டிக்கு வயசு ஆக ஆக தொகை குறையும், பத்து வருஷம் ஆன வண்டிக்கு அலைச்சல் காசு கூட தேறாது.

ரீஃபண்ட் யாருக்குன்னு விக்கிறவரும் நீங்களும் பேசி டெலிவரி நோட்லயே (வண்டி கைமாறும்போது எழுதுற பேப்பர்) எழுதிக்கோங்க. வண்டி போய் ஆறு மாசம் கழிச்சு "நான் கட்டின டாக்ஸ், எனக்குத்தான்"னு அவர் வந்து நிப்பாரு, நீங்க விலையிலயே அதையும் சேர்த்துக் குடுத்தேன்னு சொல்வீங்க. ஒரு வரி எழுதினா முடிஞ்சுது.

8. வண்டிய நேர்ல கொண்டு போகணுமா? சேஸிஸ் பிரிண்ட்ன்னு ஏதோ கேக்குறாங்க

கொண்டு போகணும். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டிய நேர்ல பார்த்து சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் ரெண்டும் ஆர்சி-யோட ஒத்துப் போகுதான்னு சரிபார்ப்பாரு. கலர் மாத்தியிருந்தா, பம்பர்ல கம்பி மாட்டியிருந்தா, கண்ணாடியில கருப்பு ஃபிலிம் இருந்தா அதெல்லாம் முன்னாடியே கழட்டிட்டு, சரி பண்ணிட்டு போங்க.

சேஸிஸ் பிரிண்ட்ன்றது, வண்டி உடம்புல பொறிச்சிருக்கிற 17 எழுத்து நம்பரை அப்படியே பேப்பர்ல எடுக்குறது. அந்த இடத்த மண்ணெண்ணெய் துணியால துடைச்சு, மேல பென்சிலை சாய்ச்சுத் தேய்ச்சு, செலோ டேப்ப ஒட்டி உரிச்சா நம்பர் டேப்ல வந்துடும், அத ஃபார்ம்ல ஒட்டுறது. இத நீங்க ஆபீஸ் வாசல்ல வேற யாரையாவது வச்சு எடுக்குறதுக்குப் பதிலா, வண்டி வாங்குறதுக்கு முன்னாடியே உங்க மெக்கானிக்கை வச்சு ஒரு தடவை எடுத்துப் பாருங்க. ஒரு எழுத்து மட்டும் ஆழமா இருக்கு, வரிசை கோணலா இருக்கு, சுத்தி வெல்டிங் அடையாளம், புது பெயின்ட்ன்னா அந்த வண்டிய விட்டுட்டு வந்துடுங்க.

எல்லாம் சரியா இருந்தா புது நம்பர் வரும், ஆர்சி கார்டு 2024 பிப்ரவரியில இருந்து தபால்லதான் வீட்டுக்கு வருது, அதனால ஆர்சி-ல போடுற அட்ரஸ்ல நீங்க நிஜமா இருக்கணும்.

9. வண்டி மேல லோன் இருக்கு, விக்கிறவரு காசு வந்ததும் அடைச்சிடுறேன்னு சொல்றாரு

ஆர்சி-ல பேங்க் பேர் இருக்குற வரைக்கும் பேங்க் சம்மதம் இல்லாம என்ஓசி கிடையாது. லோன் அடைச்சதும் பேங்க் ஒரு என்ஓசி லெட்டரும் ஃபார்ம் 35-உம் குடுக்கும், அதை வச்சு ஆர்டிஓ-ல எச்பி (ஆர்சி-ல ஏறியிருக்கிற லோன் பதிவு) கேன்சல் பண்ணணும். பேங்க் என்ஓசி வேற, ஆர்டிஓ என்ஓசி வேற, ரெண்டும் வேணும்.

காசை அவர் கையில குடுக்காதீங்க. அவரையும் கூட்டிட்டு பேங்குக்குப் போய் லோன் அக்கவுன்ட்லயே நேரா கட்டிட்டு, மீதியை எச்பி கேன்சல் ஆனதுக்கு அப்புறம் குடுங்க.

10. பேங்க் ஏலத்துல எடுத்த வண்டின்னு சொல்றாங்க, அதுல என்ன பாக்கணும்?

தவணை கட்டாததால பேங்க் தூக்கின வண்டின்னா, பேங்க் முதல்ல ஃபார்ம் 36 போட்டு தன் பேர்ல ஆர்சி வாங்கணும், அதுக்கு அப்புறம்தான் உங்களுக்கு விக்க முடியும். அந்த ஆர்சி இருக்கான்னு கேளுங்க. இல்லன்னா பழைய ஓனர் கையெழுத்து வேணும், வண்டி பறிபோன மனுஷன் கையெழுத்துப் போடுவாரா?

11. டெல்லி டீசல் வண்டி பாதி விலைக்கு வருதே, ஏன்? தைரியமா எடுக்கலாமா?

2015-ல பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி சுத்துவட்டாரத்துல பத்து வருஷம் தாண்டின டீசல் ஓடக் கூடாதுன்னு சொல்லிச்சு, பெட்ரோலுக்கு 15 வருஷம், 2018-ல உச்ச நீதிமன்றமும் அதை உறுதி பண்ணிச்சு. 2025-ல திரும்ப கோர்ட்டுக்குப் போய் உத்தரவுகள் மாறிச்சு. அதனால எட்டு, ஒன்பது வருஷம் ஆனதுமே அங்க இருக்கிறவங்க தள்ளி விட்டுடுறாங்க, நம்ம ஊர்ல அந்தக் கட்டுப்பாடு இல்லாததால இங்க வருது.

எடுக்கலாம், ஆனா கணக்குப் போட்டு எடுங்க. ஆர்சி ஆயுசு முதல் பதிவுல இருந்து 15 வருஷம், இங்க மாத்தினதால புதுசா 15 வருஷம் ஆரம்பிக்காது. அதுக்கப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமா ரினியூ பண்ணணும், பசுமை வரியும் உண்டு. 15 வருஷம் தாண்டின காருக்கு ரினியூவல் கட்டணம் 5,000, 20 வருஷம் தாண்டினா 2025 ஆகஸ்ட்ல இருந்து 10,000.

சிஎன்ஜி கிட் போட்ட வண்டி அங்க நிறைய. ஆர்சி-ல எரிபொருள் இடத்துல பெட்ரோல்/சிஎன்ஜின்னு இருக்கணும், சிலிண்டருக்கு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை பண்ற டெஸ்ட் சர்டிபிகேட் இருக்கணும். ஆர்சி-ல ஏறாத கிட்ன்னா இன்ஸ்பெக்‌ஷன்லயே நின்னுடும்.

12. மஞ்சள் போர்டு டாக்ஸியா ஓடின கார், வெள்ளை போர்டா மாத்திக்கலாம்னு சொல்றாங்க

மாத்தலாம், ஆனா அந்த வேலைய பழைய மாநிலத்துலயே முடிச்சு, ஆர்சி-ல சொந்த உபயோகம்னு ஏறினதுக்கு அப்புறம் என்ஓசி எடுக்கச் சொல்லுங்க. பெர்மிட்டை சரண்டர் பண்ணணும், டாக்ஸ் வித்தியாசம் இருந்தா கட்டணும். அத உங்க தலையில கட்டிட்டு வித்தா அங்கயும் இங்கயும் நீங்கதான் ஓடணும்.

13. பிஎச் நம்பர் வண்டிய வாங்கலாமா? நான் சொந்தமா கடை வச்சிருக்கேன்

பிஎச் (பாரத்) வரிசை, அதாவது மாநிலம் மாறினாலும் நம்பர் மாத்தாம ஓட்டுறது, 2021 செப்டம்பர் 15-ல இருந்து இருக்கு, அரசு ஊழியர், ராணுவம், நாலு மாநிலத்துக்குக் குறையாம ஆபீஸ் வச்சிருக்கிற கம்பெனியில வேலை பாக்குறவங்க இவங்களுக்கு மட்டும். டாக்ஸ் ரெண்டு ரெண்டு வருஷமா கட்டுவாங்க. உங்களுக்கு அந்தத் தகுதி இல்லாததால வாங்கினதும் சாதாரண டிஎன் நம்பருக்கு மாத்தி இங்கத்த டாக்ஸ் கட்டணும், அந்தச் செலவ 6-வது கேள்வி மாதிரியே கணக்குல சேர்த்துக்கோங்க.

14. இன்சூரன்ஸ் இன்னும் எட்டு மாசம் இருக்கு, அதையே ஓட்டிக்கலாமா?

பாலிசிய உங்க பேருக்கு மாத்திட்டு ஓட்டுங்க. வண்டி கைமாறினா தேர்ட் பார்ட்டி கவர் (அடுத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கு) கூடவே வரும், 14 நாளைக்குள்ள கம்பெனிக்கு எழுதி பேரை மாத்தணும். ஆனா உங்க வண்டிக்கு ஆகுற சேதத்துக்கு, பாலிசி உங்க பேர்ல இல்லன்னா கம்பெனி காசு தராது. ஆர்சி ஒருத்தர் பேர்ல, இன்சூரன்ஸ் இன்னொருத்தர் பேர்லன்னு இருந்தா அங்கதான் க்ளெய்ம் அடிபடும்.

நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் கேக்காம இருந்ததுக்கு பிரீமியத்துல குடுக்குற தள்ளுபடி) வண்டிக்கு உரியது இல்ல, ஆளுக்கு உரியது. பழைய ஓனரோட 50 சதவீதம் உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தை நீங்க கட்டணும். புது நம்பர் வந்ததும் இன்னொரு தடவை எழுதி பாலிசியில நம்பரை மாத்துங்க, ஃபாஸ்டேக் பழைய ஓனரோடதை க்ளோஸ் பண்ணச் சொல்லி உங்க நம்பர்ல புதுசு எடுங்க, உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டும் புது நம்பருக்கு மாட்டணும்.

15. பாண்டியில ஒரு ஃப்ரெண்ட் அட்ரஸ் குடுத்து பிஒய் நம்பர்லயே வச்சுக்கிறேன், டாக்ஸ் மிச்சம்ல?

வேணாங்க. வண்டி எங்க குடியிருக்குதோ அங்கதான் பதிவு, போலி அட்ரஸ் குடுத்தா அது வரி பாக்கியோட நிக்காது, பொய் ஆவணம்னு கிரிமினல் கேஸா மாறும். 2017-ல கேரளாவுல இதே பாண்டி அட்ரஸ் விவகாரத்துல பெரிய பெரிய ஆளுங்க மேலயே போலீஸ் கேஸ் போச்சு. அப்பாவியா கையெழுத்துப் போட்டு குடுத்த உங்க ஃப்ரெண்டும் அதுல மாட்டுவாரு. நிஜமாவே பாண்டியில வீடு இருக்கு, வேலை இருக்குன்னா தாராளமா வச்சுக்கோங்க.

16. கன்சல்டிங்ல (பழைய வண்டி வாங்கி விக்கிற கடை) பாத்த வண்டி, ஓனரை நான் பாத்ததே இல்ல. கையெழுத்துப் போட்ட ஃபார்ம் இருக்குன்றாங்க. அதோட திருட்டு வண்டியா இருந்தா எப்படி கண்டுபிடிக்கிறது?

கையெழுத்து மட்டும் போட்ட காலி ஃபார்ம் 29, 30 வச்சுக்கிட்டு வண்டி நாலு கை மாறும். நீங்க அப்ளை பண்ணும்போது 4-வது கேள்வியில சொன்ன ஓடிபி அந்த முதல் ஆளுக்குப் போகும், அவர் எங்க இருக்காருன்னே தெரியாது. 2023 ஏப்ரல்ல இருந்து பழைய வண்டி வாங்கி விக்கிற டீலர் ஆர்டிஓ-கிட்ட அங்கீகாரம் வாங்கணும், வண்டி அவர் கைக்கு வந்ததை ஆன்லைன்ல பதியணும், அப்படிப் பதிஞ்ச டீலரே என்ஓசி, பேர் மாத்துறதுக்கெல்லாம் அப்ளை பண்ணலாம். அந்த சர்டிபிகேட்ட காட்டச் சொல்லுங்க. காட்டலைன்னா, ஓனர்கிட்ட வீடியோ கால்லயாவது பேசாம காசு குடுக்காதீங்க.

ஓனர் இறந்து போயிட்டாருன்னு சொன்னா, வாரிசு ஃபார்ம் 31 போட்டு முதல்ல தன் பேருக்கு மாத்தணும், அப்புறம்தான் உங்களுக்கு. இறந்தவர் கையெழுத்து இருக்கிற ஃபார்மைத் தொடாதீங்க, தேதி எப்படிப் போட்டாலும் அது மோசடி ஆவணம்.

திருட்டுக்கு, தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட வாகன் சமன்வய்ல நம்பர், சேஸிஸ், இன்ஜின் போட்டு பாக்கலாம். எம்பரிவாகன் ஆப்ல ஓனர் பேரோட முதல் எழுத்துகள், இன்சூரன்ஸ் தேதி, எச்பி இருக்கான்னு தெரியும். பழைய பெரிய ஃபாரின் எஸ்யூவி ஏதோ மலை மாநில நம்பர்ல மலிவா வந்தா கூடுதலா யோசிங்க. 2025 செப்டம்பர்ல கொச்சி சுங்கத்துறை நும்கோர்னு பேர் வச்சு ஒரு ரெய்டு நடத்துனாங்க, பூட்டான்ல இருந்து கடத்தி வந்து இங்க போலிப் பேப்பர்ல பதிவு பண்ணி வித்த வண்டிகளத் தூக்குனாங்க. வண்டி கடைசியா யார் வீட்ல நின்னுச்சோ அவங்க வீட்டு வாசல்ல இருந்துதான் தூக்குனாங்க.

17. நான் விக்கிறவன். வண்டிய குடுத்து ஒரு வருஷம் ஆச்சு, சலான் இன்னும் என் போனுக்கு வருது. ஆக்சிடென்ட் ஆனா என்னையும் இழுப்பாங்களா?

இழுப்பாங்க. 2018-ல உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்குல தெளிவா சொல்லிடுச்சு, வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் ஆர்சி-ல பேர் இருக்கிறவர்தான் ஓனர், இழப்பீடும் அவர் பொறுப்பு. அதனால டெலிவரி நோட்ல தேதி, நேரம், வாங்கினவர் ஆதார் காப்பி, கையெழுத்து எல்லாம் வாங்கி வைக்கிறதோட நிக்காம ஃபார்ம் 29-ஐ நீங்களே உங்க ஆர்டிஓ-ல குடுத்து ரசீது வாங்குங்க. வாங்கினவர் மாத்தாம இழுத்தடிச்சா ரிஜிஸ்டர்டு போஸ்ட்ல நோட்டீஸ் அனுப்பி, ஆர்டிஓ-வுக்கும் போலீஸுக்கும் எழுத்துல குடுத்துடுங்க. கொஞ்சம் பணத்தை, ஒரு 10 ஆயிரமாவது, பேர் மாறினதும் திருப்பித் தர்ற டெபாசிட்டா வச்சுக்கிட்டா வாங்குறவர் வேகமா ஓடுவாரு.

18. என்ஓசி எடுத்தாச்சு, ஆனா டீல் கேன்சல் ஆயிடுச்சு. இப்போ வண்டிய பெங்களூர்லயே வேற ஆளுக்கு விக்க முடியுமா?

உடனே முடியாது. என்ஓசி ஏறின வண்டிக்கு பழைய ஆபீஸ்ல வேற எந்த வேலையும் நடக்காது, பேர் மாத்துறது உட்பட. எந்த ஆர்டிஓ-வுக்கு என்ஓசி போச்சோ அங்க இருந்து "இந்த என்ஓசி வச்சு இங்க பதிவு எதுவும் ஆகல"ன்னு ஒரு சர்டிபிகேட் வாங்கி, ஒரிஜினல் என்ஓசி-யோட சேர்த்து பழைய ஆபீஸ்ல குடுத்து கேன்சல் பண்ணணும். வாங்க இருந்தவர் ஊர்லயே இருக்காருன்னா அந்த சர்டிபிகேட்ட அவரையே வாங்கி அனுப்பச் சொல்லுங்க, ஒரிஜினல் என்ஓசி அவர்கிட்ட இருந்தா அதை முதல்ல கையில வாங்கிட்டு அப்புறம் அட்வான்ஸைத் திருப்பிக் குடுங்க.